செத்துப்போக மறுத்த மீன்கள்

"மீன் சாகலைன்னு எழுதினதுக்கு ஒரு மனுஷியை ஜெயில்ல போடுவாங்கன்னு நான் கேள்விப்பட்டதே இல்ல பாஸ்" என்றான் ரேடியோ. "செத்துச்சுன்னு எழுதியிருந்தா மாலை போட்டுக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க போல."

மூக்கர் சிரிக்கவில்லை. ரேடியோ நாலு பேச்சுப் பேசினால் ஒன்றுக்காவது சிரித்து வைக்கிற மனிதர் அவர். இன்று காலையிலிருந்து அவர் முகத்தில் ஈயாடவில்லை. காரணம், அந்த மனுஷி அவருக்கு எதிரிலேயே, சாப்பாட்டு மேஜையில், தொடாத தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவருடைய கூடப் பிறந்த தங்கை.

மூக்கருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் எந்த வாசலிலும் முதலில் அந்த மூக்கு நுழைந்து, சற்றுப் பின்னால்தான் அவர் நுழைவார் என்பதால் ஊரே சேர்ந்து வைத்த பெயர் நிலைத்துவிட்டது. போலீஸ் வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். ரேடியோ அவருடைய உதவியாள். அணைக்கிற பொத்தானை வைக்க மறந்துபோய்ச் செய்த ரேடியோ.

ஊரார் வீட்டு ரகசியங்களையெல்லாம் மோப்பம் பிடித்த அந்த மூக்கு, சொந்த வீட்டில் விஷயம் வெடித்தபோது வேலை செய்ய மறுத்தது. தங்கை நீர்ச் சோதனைக்கூடத்தில் ஆய்வாளர். மீன் வளர்க்கும் கூண்டுகளின் வலையில் பாசி பிடிக்காமல் இருக்கப் பூசுகிற ஓர் எண்ணெய் மருந்தை ஒரு கம்பெனி சோதனைக்கு அனுப்பியது. மருந்து கலந்த தண்ணீரில் மீன்களை நாலு நாள் விட்டுப் பார்த்தாள். ஒரு மீன் கூடச் சாகவில்லை. பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்தை நம்பிக் கீழ் ஏரிக் கூண்டுக்காரர்கள் வலைக்கு மருந்தைப் பூசித் தண்ணீரில் இறக்கினார்கள். சில வாரத்தில் ஏரி முழுக்க மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது.

கம்பெனி சோதனைக்கூடத்தைக் கை காட்டியது. சோதனைக்கூட டைரக்டர் தங்கையைக் கை காட்டினார். கை காட்ட ஆளில்லாமல் தங்கை நின்றாள். கம்பெனியிடம் லஞ்சம் வாங்கிக்கொண்டு பொய் ரிப்போர்ட் எழுதினாள் என்று வழக்கு. இன்று மாலை இன்ஸ்பெக்டர் வந்து அவளை அழைத்துப்போகப் போகிறார். அந்த மாலை வரை கிடைத்த அவகாசம்கூட, இன்ஸ்பெக்டர் ஒரு காலத்தில் மூக்கரிடம் வேலை பழகியவர் என்பதால் கிடைத்தது. அதற்குள் மூக்கர் ஏதாவது கண்டுபிடித்தால் உண்டு. இல்லையென்றால் தங்கைக்குக் கம்பிதான்.

"இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார். "மருந்தைத் தண்ணியில ஊத்தினே. அப்புறம்?"

"ஊத்த முடியாதுண்ணா. எத்தனை தடவை சொல்றது? அது கரையாத மருந்து. தண்ணியைக் கண்டாலே அதுக்கு ஆகாது. முதல்ல அதை ஒரு ஸ்பிரிட்ல கரைக்கணும். அந்த ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாத் தண்ணியில விட்டுக் கலக்கணும். ஸ்பிரிட்டே மீனைக் கொன்னுடுச்சுன்னு யாரும் சொல்லிடக்கூடாதுல்ல? அதுக்காக ஒரு தொட்டியில வெறும் ஸ்பிரிட் மட்டும். இன்னொண்ணுல வெறும் தண்ணி. மீதி அஞ்சுலயும் மருந்து. ஒண்ணை விட ஒண்ணுல அதிகம்."

"ஆக ஏழு தொட்டி. ஏழுலயும் மீன் நல்லா இருந்துச்சு."

"துள்ளிட்டு இருந்துச்சு."

"தண்ணியில மருந்து இருந்துச்சான்னு அளந்து பாத்தியா?"

அவள் தலை குனிந்தாள். "அளக்கிற மெஷின் ரிப்பேர். போட்ட அளவையே எழுதிடுங்கன்னார் டைரக்டர். எழுதிட்டேன்." பிறகு திடீரென்று நிமிர்ந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. "நான் எழுதினது என் கண்ணால பாத்தது. ஏரியில செத்ததும் நிஜம். ரெண்டும் எப்படிண்ணா நிஜமா இருக்க முடியும்? எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு. லஞ்சம் வாங்கியிருந்தாக்கூடப் பரவாயில்ல. எதனால நடந்துச்சுன்னாவது தெரிஞ்சிருக்கும்."

"லஞ்சம் வாங்கற மூஞ்சியாக்கா இது?" என்றான் ரேடியோ. "ஓசியில ஒரு டீ வாங்கிக் கொடுத்தாலே அடுத்த நாள் திருப்பி வாங்கிக் கொடுக்கிற ஆளு நீங்க."

அவள் காதில் அது விழவேயில்லை. "மேல் ஏரிக்காரங்களும் வலைக்கு மருந்து பூசிட்டாங்களாம். கீழ் ஏரியில மீன் செத்தது கெட்ட தீனியாலன்னு கம்பெனி ஆள் போய்ச் சொல்லியிருக்கான். நம்பிட்டாங்க. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள இறக்கறாங்க. அவங்க சங்கத் தலைவருக்குப் போன் பண்ணினேன். என் நம்பரையே தடுத்து வெச்சிருக்கார். எடுத்தாலும் என்ன சொல்வேன்? என் ரிப்போர்ட்டை நம்பாதீங்கன்னா, ஏன்னு கேப்பார். ஏன்னு எனக்கே தெரியாதே."

மூக்கர் இத்தனை நாள் அலைந்ததில் கம்பெனி ஆட்களைத் துருவியாகிவிட்டது. டைரக்டரின் வீட்டு வாசலில் கால் கடுக்க நின்றாகிவிட்டது. எல்லாம் முட்டுச்சந்து. மிச்சம் இருந்தது ஒரே ஒரு நூல். சோதனைக்கு மீன் கொடுத்த வண்ணமீன் கடைக்காரர். தொட்டிக்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். ஏரிச் சேதி வந்ததிலிருந்து அந்த ஆள் கடையைப் பாதி மூடி வைத்திருந்தார். மூக்கர் போன் செய்தால் எடுப்பதில்லை. நேரில் போனால் பின்வாசல் வழியாக நழுவிவிடுகிறார்.

"ஒளியறவன் சும்மா ஒளியமாட்டான்" என்று எழுந்தார் மூக்கர். "வண்டியை எடு."

ரேடியோவின் ஸ்கூட்டரில் போகும்போது மூக்கர் தன் சந்தேகத்தைச் சொன்னார். மீன்களில் எதையும் தாங்குகிற முரட்டு ஜாதி உண்டு. கம்பெனி அந்தத் தொட்டிக்காரரைக் கையில் போட்டுக்கொண்டு, சோதனைக்கு அப்படிப்பட்ட மீனைக் கொடுக்கச் சொல்லியிருக்கலாம். தங்கைக்குத் தெரியாமலே தங்கையின் சோதனை கெட்டுப்போயிருக்கும்.

"அதாவது பரீட்சைக்கு வேற பையனை அனுப்பின மாதிரி" என்றான் ரேடியோ. "நல்லாத்தான் இருக்கு பாஸ். ஆனா ஒண்ணு. இந்த யோசனை சரியா இருக்கணும்னு நீங்க ஆசைப்படறீங்களா, இல்ல சரியாத்தான் இருக்கா?"

அந்தக் கேள்வியை மூக்கரே தன்னிடம் கேட்டுப் பார்த்து, பயந்து, பாதியில் விட்டிருந்தார்.

கடையின் ஷட்டர் இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருந்தது. ரேடியோ பின்வாசலுக்குப் போனான். மூக்கர் குனிந்து உள்ளே நுழைந்தார். வழக்கமாக இப்படிப்பட்ட கடைகளில் காற்றுக் குமிழிகளின் குளுகுளுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே ஒரு சத்தமும் இல்லை. கண்ணாடிப் பெட்டிகள் காய்ந்து கிடந்தன. கல்லாவுக்குப் பின்னால் ஒரு மெலிந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். மூக்கரைக் கண்டதும் பின்பக்கம் பாய்ந்தார். அங்கே ரேடியோ நின்றான்.

"வாங்க வாங்க. எங்களை வரவேற்கத்தானே வெளியே ஓடி வந்தீங்க?"

மூக்கர் தன் தொழிலில் யார் மேலும் கை வைத்ததில்லை. இன்று தொட்டிக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். "எந்த மீனைக் கொடுத்தே? சாகாத மீனை எங்கே பிடிச்சே? சொல்லு! என் தங்கச்சி உள்ளே போகப்போறா!"

"சாகாத மீனா?" தொட்டிக்காரர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "எங்கிட்ட சாகாத மீனா சார்? வாங்க, வந்து பாருங்க."

பின்கட்டில் வரிசையாக ஏழு சிறிய சிமெண்ட் தொட்டிகள். ஐந்து காலி. இரண்டில் மட்டும் தண்ணீரும் மீனும் இருந்தன. சின்னச் சின்ன மீன்கள், ஆள் நிழல் பட்டதும் சட்டென்று திரும்பின.

"சோதனைக்குக் கொடுத்தது போக மிச்சத்தை இதுலதான் விட்டேன். அதே ஈடு, அதே குஞ்சு. உங்க தங்கச்சி அங்க ஒண்ணுகூடச் சாகலைன்னாங்க. இங்க அஞ்சு தொட்டியும் காலி. கடையில இருந்த வேற மீனையும் இதுலதான் மாத்தி விட்டிருந்தேன், எல்லாம் போச்சு. ஏரிச் சேதி வர்றதுக்கு முன்னாலயே போச்சு. அப்புறம் ஏரியிலயும் செத்துச்சுன்னதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. என் மீன்லதான் ஏதோ நோய் இருந்து, அதுதான் ஏரிக்கும் பரவுச்சுன்னு சொல்லிடுவாங்களோன்னு பயந்துட்டேன். அதான் ஒளிஞ்சேன்."

மூக்கர் காலரை விட்டார். அவருடைய முரட்டு மீன் யோசனை அங்கேயே உயிரை விட்டது. அதே மீன் இங்கே கொத்துக் கொத்தாகச் செத்திருக்கிறது. அப்படியே தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். வெளியே வெயில் சாய ஆரம்பித்திருந்தது.

"பாஸ்" என்றான் ரேடியோ மெதுவாக. "நோயின்னா இந்த ரெண்டு தொட்டியை மட்டும் ஏன் விட்டுச்சு?"

மூக்கர் நிமிர்ந்தார். மூக்கு லேசாக விடைத்தது. அப்படி விடைத்தால் உள்ளே ஏதோ ஓடுகிறது என்று ரேடியோவுக்குத் தெரியும்.

"ஏழு தொட்டிக்கும் தண்ணி எங்கேர்ந்து?"

"ஒரே குழாய் சார்."

"தீனி?"

"ஒரே டப்பா. நல்ல தீனி, எண்ணெய்ச் சத்து உள்ளது."

"அப்ப இந்த ரெண்டு தொட்டி மீனும் மட்டும் வெளியே ஓட்டல்ல சாப்பிட்டுச்சோ?" என்றான் ரேடியோ.

"சும்மா இருடா. எந்த மீன் முதல்ல செத்துச்சு?"

தொட்டிக்காரர் யோசித்தார். "மீசைக்காரன். அடியிலயே மேய்ஞ்சு கிடக்கிற ஜாதி. எப்பவும் கடைசியாச் சாகறவன் அவன்தான், குட்டைச் சேத்துலயே வாழுவான். இந்தத் தடவை அவன்தான் முதல். மேலே மிதந்துட்டே வாயைத் திறக்கிறது எல்லாம் கடைசியாப் போச்சு."

"தண்ணியில விஷம் இருந்தா எல்லாம் ஒண்ணாச் செத்திருக்கணும்" என்று மூக்கர் தனக்குள் பேசுவதுபோலப் பேசினார். "அடியில மேயறது முதல்ல போயிருக்கு. அப்படின்னா விஷம் தண்ணியில இல்ல. அடியில இருக்கு." சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு காலித் தொட்டிக்குள் கையை விட்டார். சிமெண்டின் சொரசொரப்பை எதிர்பார்த்த விரல்கள் வழுக்கின. "இது என்ன?"

"உறை சார். பிளாஸ்டிக் உறை. தொட்டி எல்லாம் விரிசல் விட்டு ஒழுகுச்சு, அதான் உள்ளே போட்டு மடிச்சு விட்டேன். ஏழுக்கும் போட்டிருக்கேன்."

"எங்க வாங்கினே?"

"வாங்கல. சும்மா கிடைச்சுது. சோதனைக்கூடத்துல அந்தக் கண்ணாடித் தொட்டிக்குள்ள போட்டு எடுத்த உறைதான். சோதனை முடிஞ்சதும் தூக்கிப்போடப் போனாங்க. நல்ல கெட்டியா இருந்துச்சு, கேட்டேன், கொடுத்துட்டாங்க. சோப்புப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் சார் போட்டேன்."

மூக்கர் எழுந்து நின்றுவிட்டார்.

"கழுவினா எப்படிப் போகும்? தண்ணியைக் கண்டா ஆகாத மருந்தாச்சே அது!" ரேடியோவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "புரியுதாடா? சொட்டுச் சொட்டா விட்டு, கலக்கி, அந்த மருந்தைத் தண்ணிக்குள்ள வலுக்கட்டாயமாத் தள்ளியிருக்காங்க. சுத்திலும் பிளாஸ்டிக். எண்ணெய்ப் பிசுக்கு பிளாஸ்டிக்கைக் கண்டா விடுமா? ஓடிப்போய் உறையில ஒட்டிக்கிச்சு. மீன் நாலு நாளும் கிட்டத்தட்ட வெறும் தண்ணியிலதான் நீந்திச்சு. சாகுமா? ஏரியில அந்த மாதிரி உறை ஏது? வலையிலேர்ந்து நேரா மீனுக்கே போச்சு."

"அப்ப அக்கா எழுதினதும் நிஜம், ஏரியில நடந்ததும் நிஜம்."

"ரெண்டும் நிஜம்!"

மூக்கர் கைபேசியை எடுத்தார். இன்ஸ்பெக்டர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"சார், நான் உங்க வீட்டு வாசல்லதான் நிக்கறேன். மன்னிச்சுக்குங்க, எனக்கு வேற வழியில்ல."

"நில்லுப்பா, நில்லு. கண்டுபிடிச்சுட்டேன். எவனோ கண்ணாடித் தொட்டிக்குள்ள பிளாஸ்டிக் உறையைப் போட்டு, மீன் சாகாதபடி பண்ணியிருக்கான். கம்பெனி ஏற்பாடாத்தான் இருக்கும். உறை எல்லாம் இங்க என் கண் முன்னால இருக்கு. உடனே வா."

"உங்க தங்கச்சியையும் கூட்டிட்டே வரேன் சார்."

மூக்கர் கைபேசியைப் பையில் போட்டார். பல நாளைக்குப் பிறகு மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. ரேடியோ சும்மா இருப்பானா? மீன் உள்ள தொட்டியின் உறையை விளிம்பில் மடித்திருந்த இடத்தில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாஸ், இங்க மார்க்கர்ல ஏதோ போட்டிருக்கு. இதுல சைபர். அந்த உயிரோட இருக்கிற இன்னொரு தொட்டியிலயும் சைபர், சுத்தி ஒரு வட்டம். காலித் தொட்டியில எல்லாம் ஒண்ணு, ரெண்டு, மூணு... அஞ்சு வரைக்கும்."

"வெறும் தண்ணி. வெறும் ஸ்பிரிட். அது ரெண்டுலயும் மருந்து கிடையாது, அதான் அந்த உறையில மீன் பிழைச்சிருக்கு. சோதனை இங்க இன்னொரு தடவை நடந்திருக்குடா, யாருக்கும் தெரியாம..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். மடிப்பைத் தன் பக்கம் திருப்பினார். அடுத்த தொட்டிக்குப் போனார். அதற்கடுத்ததற்கும் போனார்.

ஒவ்வொரு எண்ணுக்கும் அடியில் ஒரு குட்டிக் கோடு இருந்தது. ஆறும் ஒன்பதும் தலைகீழாகத் திரும்பிவிட்டால் என்ன செய்வது என்று பள்ளிக்கூடத்தில் யாரோ பயமுறுத்திவிட, அன்றிலிருந்து எந்த எண்ணை எழுதினாலும் அடியில் கோடு போட்டுவிடுகிற ஒரே ஒரு ஆளைத்தான் மூக்கருக்குத் தெரியும். அந்த ஆளுக்கு அவர்தான் வீட்டுக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"உறையைக் கொடுத்தது யாரு?" குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"உங்க தங்கச்சிதான் சார்" என்றார் தொட்டிக்காரர், இதில் என்ன சந்தேகம் என்பதுபோல. "உறை போடறதே அவங்க யோசனைதான். சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாங்க. இனிமே யாரும் தொட்டியைப் போட்டுத் தேய்க்க வேண்டாம்னு."



மூக்கருக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. லஞ்சம் வாங்கினாள் என்பதற்குப் போலீஸிடம் இதுவரை ஆதாரம் இல்லை. இப்போது இருக்கிறது. மீன் சாகாதபடி உறையைப் போட்டவள் அவளே. ஆதாரத்தைத் தேடிக் கண்டுபிடித்து, போன் போட்டு, வா வா என்று கூப்பிட்டவர் கூடப் பிறந்த அண்ணன். இதைவிடப் பெரிய துரோகத்தை ஒரு எதிரியால்கூடச் செய்ய முடியாது என்று தோன்றியது அவருக்கு.

சுவரோரம் தொட்டிக்குப் பூசும் பெயிண்ட் டப்பாக்கள் இருந்தன. பக்கத்தில் ஒரு பாட்டிலில் பெயிண்டைக் கரைக்கிற தின்னர். மேலே ஒரு கந்தல் துணி.

"பாஸ்..." என்றான் ரேடியோ. அவர் பார்வை எங்கே போகிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தான், மூடினான். "நான் வாசல்ல போய் ஜீப் வருதான்னு பாக்கறேன். தொட்டிக்காரரே, நீங்களும் வாங்க."

மூக்கர் துணியை நனைத்தார். ஐந்தாம் எண் உறையின் மடிப்பை விரித்துத் தேய்த்தார். நீல மை கரைந்து பரவியது. எத்தனையோ பேர் இப்படித் தடயத்தைத் துடைத்திருக்கிறார்கள், அத்தனை பேரையும் அவர் பிடித்திருக்கிறார். அவர்களில் யாருக்காவது தங்கை இருந்தாளா என்று அப்போது கேட்டுப் பார்த்ததில்லை. எண் போய்விட்டது, கோடு மட்டும் போகாமல் அடம் பிடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தார். நாலாம் எண்ணுக்குக் கையை நீட்டியபோது பின்னால் குரல் கேட்டது.

"அண்ணா. துணியைக் கீழே போடு."

தங்கை நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர். அதற்கும் பின்னால், சமிக்ஞை கொடுக்க மறந்துபோன முகத்தோடு ரேடியோ, பக்கத்தில் தொட்டிக்காரர்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராக உயிரோடிருந்த மீன்களிடம் போனாள். உறையைப் பார்த்தாள். சைபரைப் பார்த்தாள். காலித் தொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அவள் முகம் வெளுத்துக்கொண்டே போவதை மூக்கர் பார்த்தார். பிறகு அதிசயமாக, அந்த முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"தீனி போட்டீங்களா?" என்று தொட்டிக்காரரிடம் கேட்டாள்.

"போடாம? நல்ல தீனிதான்மா போட்டேன்."

"சோதனை நடக்கும்போது நாங்க தீனி போடமாட்டோம். மீன் பட்டினியாத்தான் இருக்கும். அதனால உறையில ஒட்டின மருந்து உறையிலயே கிடந்துச்சு. நீங்க போட்ட தீனியில எண்ணெய் இருக்கு. அடியில விழுந்து கிடந்து, உறையிலேர்ந்து மருந்தை உறிஞ்சியிருக்கு. அதைத்தான் மீன் தின்னுச்சு. உங்க மேல தப்பில்ல. உங்க மீன் மேலயும் தப்பில்ல."

தொட்டிக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "உறை போடச் சொன்னது நான்தான் சார். ஒவ்வொரு சோதனைக்கு அப்புறமும் அந்தப் பிசுக்கு கண்ணாடியை விட்டுப் போகாது. எங்க தொட்டி கழுவுற அம்மா ஸ்பிரிட்டைப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு, கை ரெண்டும் தோல் உரிஞ்சு வெந்துபோச்சு. பாக்கச் சகிக்கல. உறை போட்டா கழுவவே வேண்டாமேன்னு நினைச்சேன். அதுக்கு மேல நினைக்கல. இத்தனை நாள் என்னை நானே கேட்டுட்டிருந்தேன், அந்த உறை மட்டும் ஞாபகத்துக்கே வரல. மேஜை நாற்காலி மாதிரி அது பாட்டுக்கு இருந்துச்சு."

"அவ சொல்றதை எழுதாதே" என்று மூக்கர் குறுக்கே வந்தார். "பயத்துல என்னமோ உளர்றா. வக்கீல் வரட்டும்."

"சார்" என்று இன்ஸ்பெக்டர் மூக்கரின் கையைப் பார்த்தார். விரல்கள் முழுக்க நீல மை. "நீங்க எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் என்ன சார்?"

மூக்கர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். கூனிக் குறுகிப் போனார்.

அப்போதுதான் ரேடியோவுக்கு வாய் திரும்பக் கிடைத்தது. "ஒரு சந்தேகம் சார். லஞ்சம் வாங்கி வேணும்னே உறை போட்ட ஆளு, சோதனை முடிஞ்சதும் என்ன பண்ணுவாங்க? எரிச்சுச் சாம்பலாக்கிட மாட்டாங்க? அக்கா என்ன பண்ணியிருக்காங்க? தன் கையெழுத்துல நம்பர் போட்ட உறையை, அதே மீனை வளர்க்கிற கடைக்கே இனாமாக் கொடுத்திருக்காங்க. திருடன் எவனாவது திருட்டு நகையில தன் பேரை வெட்டி, பறிகொடுத்தவன் வீட்டுலயே கொண்டுபோய் வைப்பானா? லஞ்சம் வாங்கலைங்கிறதுக்கு இந்த நம்பருங்கதான் சார் சாட்சி."

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். "நானும் அதைத்தான் நினைச்சேன். அந்தச் சாட்சியில ஒண்ணைத்தான் உங்க பாஸ் துடைச்சுட்டார்."

மூக்கர் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. தங்கையைக் காப்பாற்றப் போய், தங்கையைக் காப்பாற்றக்கூடியதையே தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நல்லவேளை, ஆறு மிச்சம் இருந்தன.

"லஞ்ச வழக்கு நிக்காதும்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா கவனக்குறைவு உங்களதுதான். வேலை போயிடும். கூண்டுக்காரங்க சும்மா விடமாட்டாங்க, கேஸ் போடுவாங்க. இப்ப சொன்னதை நான் இன்னும் எழுதிக்கல, உங்களுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கு. அண்ணன் சொல்ற மாதிரி வக்கீலை வெச்சுட்டுப் பேசுங்க. உறை போட்டது யாருன்னு நாளைக்கு நிதானமாச் சொல்லலாம்."

"நாளைக்கா?" அவள் வெளியே பார்த்தாள். வெயில் எதிர்ச் சுவரின் பாதிக்கு ஏறிவிட்டிருந்தது. "சார், உங்க போனைக் கொடுங்க. என் நம்பரை அவர் எடுக்க மாட்டார்."

"யாரு?"

"மேல் ஏரிச் சங்கத் தலைவர். வலை இன்னும் கரையிலதான் கிடக்கும்."

"வேண்டாம்மா" என்று மூக்கர் அவள் கையைப் பிடித்தார். "நான் பேசறேன். மருந்து கெட்டதுன்னு மட்டும் சொல்லிடறேன். உன்னைப் பத்தி எதுக்கு?"

"கெட்டதுன்னா யாரு சொன்னாங்கன்னு கேப்பார். நம்பணும்னா நான்தான் சொல்லணும்." மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டாள். "நீ கண்டுபிடிச்சியேண்ணா. அது போதும் எனக்கு. இன்னிக்கு நான் தூங்கிடுவேன்."

இன்ஸ்பெக்டர் கைபேசியை நீட்டினார். அவள் எண்களை அழுத்தினாள். மறுபக்கத்தில் ஒரு கரகரத்த ஆண்குரல், சுற்றிலும் ஆட்களின் கூச்சல், ஏதோ கனமானதை இழுக்கிற சத்தம்.

"ஐயா, நான்தான் பேசறேன். அந்த மருந்துக்கு ரிப்போர்ட் எழுதினவ."

லைன் துண்டிக்கப்பட்டது. மறுபடி அழுத்தினாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழுத்தினாள். இந்த முறை எடுத்த உடனே அந்தக் குரல் திட்ட ஆரம்பித்தது. கைபேசியைத் தாண்டி அந்தப் பின்கட்டு முழுக்கக் கேட்டது. தங்கையைப் பற்றி அப்படி ஒருவன் பேசி மூக்கர் கேட்டதில்லை. ரேடியோ தரையைப் பார்த்தான். அவள் ஒவ்வொரு வார்த்தையையும் வாங்கிக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்க அந்த மனிதர் நிறுத்திய இடத்தில் பேசினாள்.

"நீங்க சொல்றது எல்லாம் சரிதான் ஐயா. இன்னும் திட்டுங்க, கேட்டுக்கறேன். போனை மட்டும் வெச்சிடாதீங்க. வலையைத் தண்ணியில இறக்காதீங்க. தீனி கெட்டது இல்ல. மருந்துதான். என் சோதனை தப்பு. நான் பண்ணின தப்பு. எப்படித் தப்பாச்சுன்னு சொல்றேன், கேளுங்க..."

அவள் சொல்லி முடிக்கும் வரை அந்த மனிதர் போனை வைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, வாயைக் கைபேசியிலிருந்து விலக்கி அவர் யாரையோ பார்த்துக் கத்துவது எல்லோருக்கும் கேட்டது.

"டேய், இழுக்காதீங்கடா! நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க!"